பொன்னுராஜின் பாதி எழுத்துகள்

பொன்னுராஜ் இறந்த அன்று வந்தவர்கள் எல்லாரும் அவருடைய அண்ணன் தங்கச்சாமியிடம்தான் துக்கம் கேட்டார்கள். மனைவி இருந்தாள். மகள் இருந்தாள். ஆனாலும் அண்ணனிடம்தான் கேட்டார்கள். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். பொன்னுராஜிடம் ஒன்று கேட்க வேண்டுமென்றால் தங்கச்சாமியிடம் கேட்பது ராஜபாளையத்தில் அந்தத் தெருவின் பழக்கம்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அப்பா போனபோது பொன்னுராஜ் சின்னப் பையன். தங்கச்சாமி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்குப் போனார். தம்பிக்குச் சட்டை எடுத்ததும் அவர்தான், காய்ச்சலுக்கு ஊசி போடக் கூட்டிப் போனதும் அவர்தான். டாக்டர் பையனைப் பார்த்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டால் தங்கச்சாமி தன் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார். அப்படித் தொடங்கியது. பிறகு நிற்கவில்லை.

பத்தாவது முடித்ததும் தலைமை ஆசிரியர் கேட்டார்: "மேல என்னலே படிக்கப் போற?"

"ஐ.டி.ஐ. படிப்பான் சார்" என்றார் தங்கச்சாமி.

பொன்னுராஜுக்குக் கணக்கு படிக்க ஆசை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அதனால் அது அண்ணனுக்குத் தெரிய வழியும் இல்லை. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தார். நூல் மில்லில் வேலைக்குச் சேர்த்துவிடப் போனபோது, "நைட் ஷிப்ட் பார்ப்பானா?" என்று மேனேஜர் கேட்டார். "பார்ப்பான்" என்று பதில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அதுவே நடந்தது.

"என்னயப் புடிச்சிருக்குன்னு சொன்னது உங்க அண்ணன். நீங்க இன்னும் சொல்லல" என்று மனைவி பாலம்மாள் எத்தனையோ வருஷம் கழித்தும் சொல்லிக் காட்டுவாள்.

"சொல்லாமலா பிள்ள பெத்து வச்சிருக்கோம்?"

"அதையும் அவியதான் ஊருக்குச் சொன்னாக."

அவர் வாழ்க்கையில் தானாகக் கை தூக்கியது ஒரே ஒரு தடவை. எண்பத்தெட்டில் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. குளிர்சாதன அறை, கண்ணாடிக் கதவு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். அந்த அறையைப் பார்த்துக்கொள்ள எலெக்ட்ரீஷியன்களில் யார் வருகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். தொட்டுக் கெட்டுப்போனால் யார் தலையில் விடியும் என்று எல்லாரும் பின்வாங்கினார்கள். பொன்னுராஜ் கை தூக்கினார். அங்கே அண்ணன் இல்லை.

வயரையும் ஏசியையும் பார்க்கப் போனவர் சம்பளப் பட்டியல் போடக் கற்றுக்கொண்டார். பிறகு அதைப் போடும் நிரலை எழுதக் கற்றுக்கொண்டார். எட்டு வருஷம் கழித்து மில் கழித்துக் கட்டிய ஒரு பழைய மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்தார். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் லினக்ஸ் இருந்தது. அதை ஏற்றினார்.

விண்டோஸ் மாதிரி அது ஒரு கம்பெனியின் சொத்து இல்லை. உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிறவர்கள் சும்மா எழுதிச் சேர்த்தது. பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை அனுப்பினால் சேர்த்துக்கொள்வார்கள். இதை அவர் இரண்டு தடவை படித்தார். அனுமதி கேட்க ஆளில்லாத ஒரு இடம் இருக்கிறது என்பது அவருக்குப் புதிது.

அதில் தமிழ் இல்லை. இயங்கத் தொடங்கும்போது வரும் கருப்புத் திரை ஒரே அளவுக் கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு எழுத்தும் எட்டுப் புள்ளி அகலத்துக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்து அடங்கிவிடும். ட, ப அடங்கும். ண அடங்காது. அடக்கிப் பார்த்தால் மூன்று சுழியும் ஒட்டிக்கொண்டு கரிக்கட்டையாகிவிடும். பொன்னுராஜ் அகலமான எழுத்துகளை நடுவில் வெட்டினார். இடது பாதி ஒரு கட்டத்தில், வலது பாதி அடுத்த கட்டத்தில். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கண்ணுக்கு ஒரே எழுத்து. ஒரு வருஷமாக எழுத்துகளைப் பாதி பாதியாகப் புள்ளி வைத்து வரைந்துகொண்டிருந்தார்.

பெங்களூரில் இதே வேலையில் இறங்கியிருந்தவர் தவசிமுத்து. சாத்தூர்க்காரர், அங்கே ஒரு கம்பெனியில் என்ஜினீயர். தமிழுக்கு வேண்டியதை எல்லாம் சேகரித்து, லினக்ஸைத் தொகுத்து வெளியிடுகிறவர்களுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. பத்திரிகையில் அவர் முகவரியைப் பார்த்து பொன்னுராஜ் கார்டு போட்டார். பிறகு கடிதமும் பிளாப்பியும் போய் வந்தன. கிருஷ்ணன்கோவிலில் என்ஜினீயரிங் படித்த சமுத்திரம் என்ற பையனும் சேர்ந்துகொண்டான். அவன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். வாய் ஓயாதவன். மூன்று பேரும் பூத் டெலிபோனில் பேசியிருக்கிறார்கள். நேரில் பார்த்ததில்லை.

தொண்ணூற்றொன்பது ஆரம்பத்தில் தவசிமுத்து ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து தபாலில் செய்தால் இது முடியாது. இரண்டு நாள் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து எல்லாரும் நிரல் எழுதுவோம். பங்குனியில் ஒரு திங்கட்கிழமையோடு லினக்ஸ்காரர்கள் கதவு சாத்திவிடுவார்கள், அதற்குள் கொடுத்தால் அடுத்த பதிப்பில் தமிழ் இருக்கும்.

ஏற்பாடுகளை பொன்னுராஜும் சமுத்திரமும் பிரித்துக்கொண்டார்கள். இடம் ஸ்ரீவில்லிபுத்தூர். கல்லூரிப் பையன்கள் வரச் சுலபம். காலண்டரைப் புரட்டினார்கள், அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனி, ஞாயிறில் முகூர்த்தம் இல்லை. அன்றைக்குக் கல்யாண மண்டபம் சும்மாதான் கிடக்கும், சொந்தக்காரர் குறைத்துக் கொடுத்தார். கம்ப்யூட்டர் சென்டர்களில் மெஷின்களை இரவல் கேட்டு, வைக்கோல் பரப்பிய வேனில் ஏற்ற ஏற்பாடு. எந்த பிளக்கில் எத்தனை மெஷின் தாங்கும் என்று பொன்னுராஜ் வரைபடம் போட்டுக் கொடுத்தார். ஞாயிறு காலை கூட்டத்தைத் தொடங்கி வைத்து, பாதி எழுத்துகளைப் பற்றி அவரே பேச வேண்டும் என்று முடிவாயிற்று.

"நானா? எனக்குப் பேச வராதுடே" என்றார் சமுத்திரத்திடம் போனில்.

"எங்கிட்ட இம்புட்டு பேசுதீகள்லண்ணே. அதையே அங்க நின்னு பேசுங்க."

மண்டப வாசலில் 'கணினி முகாம்' என்று துணி கட்டியதும், கண் முகாம் என்று நினைத்து மம்சாபுரத்திலிருந்து இரண்டு கிழவர்கள் வந்து கண்ணாடி எப்போது தருவீர்கள் என்று கேட்டதாகச் சமுத்திரம் சொன்னான். பொன்னுராஜ் பூத்துக்குள் நின்று சிரித்தார். வெளியே காத்திருந்தவர்கள் அவர் சிரிப்பதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிறு பேசப் போவதை மில்லுக்கு நடக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டார். வாய் அசைந்தபடி போவார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பாலம்மாளிடம் மட்டும், "ரெண்டு நாளு உங்க ஊருக்குப் போகணும், கம்ப்யூட்டர் சோலி" என்றார்.

அம்மன் கோயில் பொங்கல் திருவிழா எந்த வாரம் என்பது காலண்டரில் இருக்காது. தெருக்கூட்டம் போட்டு, பூக்கட்டிப் பார்த்து, அம்மன் உத்தரவு கேட்டு வைப்பார்கள். முகூர்த்தத்தைப் பார்த்த இரண்டு பேருக்கும் அதைப் பார்க்கத் தோன்றவில்லை.

கூட்டத்திலிருந்து தங்கச்சாமி நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். அந்த வாரமேதான். செவ்வாய் காப்புக் கட்டு, ஞாயிறு தீச்சட்டி, புதன் மஞ்சள் நீராட்டு.

"ஏலே பொன்னு, உம் பேரக் குடுத்துட்டேன்."

"எதுக்குண்ணே?"

"சட்டிக்கு. பிள்ளைக்கு மஞ்சக்காமாலை வந்தப்போ பாலம்மா நேந்தாள்ல, நீ சட்டி எடுப்பேன்னு. வருசம் மூணாச்சு. அம்மனுக்குக் கடன் வைக்கக் கூடாது. பொன்னுராசு இந்த வருசம் எடுக்கானான்னு பூசாரி கேட்டாரு. எடுப்பான்னுட்டேன்."

பொன்னுராஜ் அரிசி மூட்டை மேல் கை வைத்து நின்றார். காப்புக் கட்டியவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ் ஏறினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும்.

"அடுத்த வருசம் எடுத்தா என்னண்ணே?" என்றார்.

தங்கச்சாமி சிரித்தார். "பேரு ஏறிப்போச்சுலே. பயப்படாத, நான் கூடவே வாரேன்."

பிள்ளை பிழைத்ததற்கான கடன். அதற்கு மேல் என்ன சொல்ல? மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

பாலம்மாளுக்கு மட்டும் முகம் மாறியது தெரிந்தது. அடுப்படியில் கேட்டாள்: "ஏங்க, அந்தச் சோலி இந்த வாரமா?"

"ம்."

"பெரியவுககிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம். கேட்டாக்க வருத்தப்படுவாரு."

செவ்வாய்க்கிழமை மஞ்சள் கயிறு கையில் ஏறியது. பூத்துக்குப் போய்ச் சமுத்திரத்திடம் சொன்னார்.

"சரிண்ணே" என்றான் அவன். "நீங்க அங்கேருந்தே செய்ங்க. பிளாப்பி பஸ்ல வந்து போகட்டும். நம்ம கண்டக்டர் ஒருத்தர் இருக்காரு, பால்கோவா டப்பாவே நசுங்காமக் கொண்டாருவாரு."

சனிக்கிழமை அப்படித்தான் நடந்தது. மண்டபத்தில் முப்பது பேர். பொன்னுராஜ் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் தனியாக. அவர்கள் எழுதிப் பார்த்ததைக் கண்டக்டர் கொண்டுவந்து தருவார். இவர் ஓட்டிப் பார்த்து, தப்பைக் குறித்து, திருப்பி அனுப்புவார். பூத்தில் போன் அடிக்கும். சமுத்திரம் பேசும்போது பின்னால் பேச்சும் சிரிப்பும் கேட்கும். யாரோ யாரையோ கேலி செய்கிறார்கள். எவனோ வயரில் தடுக்கி விழுந்து, மொத்தமாகக் கைதட்டுகிறார்கள். வரைபடத்தில் தான் போட்ட அந்த வயர் எது என்று பொன்னுராஜ் யோசித்தார். போனை வைத்த பிறகும் அந்தச் சத்தம் காதில் கிடந்தது. தெருவில் ரேடியோ செட் அலறிக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை கூட்டத்தைத் தவசிமுத்துவே தொடங்கிவைத்தார். அவர் தொடங்கியிருப்பார் என்று நினைத்த நேரத்தில் பொன்னுராஜ் வீட்டில் கடைசி எழுத்துகளை முடித்துக்கொண்டிருந்தார். வாய் தானாக அசைந்தது. முடித்து, எழுத்துரு முழுவதையும் இரண்டு பிளாப்பிகளில் ஏற்றினார். தீர்த்தம் எடுக்கப் போகும் நேரமாகிவிட்டதால் அண்ணனிடம் கொடுத்து, கண்டக்டர் கையில் சேர்க்கச் சொன்னார். தங்கச்சாமி வேட்டி முனையால் கையைத் துடைத்து வாங்கிக்கொண்டார்.

மதியம் பூத்துக்காரர் ஆள் அனுப்பினார்.

"அண்ணே, ரெண்டுமே படிக்க மாட்டேங்குது" என்றான் சமுத்திரம். "நாலு மெஷின்ல போட்டுப் பாத்தாச்சு."

பொன்னுராஜ் பந்தலுக்குப் போய் அண்ணனைக் கேட்டார். "பிளாப்பிய எங்க வச்சிருந்தண்ணே?"

"கீழ வச்சா பிள்ளைக மிதிச்சிரும்லா. பஸ் வாரவரைக்கும் அந்தா, அது மேல பத்திரமா வச்சிருந்தேன். ஏன், போய்ச் சேரலியா?"

அவர் காட்டியது ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டி. உள்ளே இருப்பது காந்தம். பிளாப்பியில் இருந்ததை அது துடைத்துவிட்டது.

"சேந்திருச்சுண்ணே" என்றார் பொன்னுராஜ்.

வீட்டுக்கு வேகமாக வந்தார். மறுபடி ஏற்றிவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் கொடுக்கலாம். ஸ்விட்சைப் போட்டார். திரை சுருங்கி, நடுவில் ஒரு கோடாகி, அணைந்தது. தெரு முழுக்க சீரியல் பல்பு செட்டும் கரும்புச்சாறு மெஷினும் கரண்டை இழுத்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போய் தெருவே அடங்கியது. பந்தலில் ஜெனரேட்டர் ஓடியது. ஓட்டுகிறவர், "இதுல கம்ப்யூட்டர மாட்டுனா புகைதான் வரும்ணே, எம்மேல சொல்லாதீக" என்றார். அது பொன்னுராஜுக்கும் தெரியும்.

மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் முடிந்துவிடும். மணிக்கட்டைப் பார்த்தார். மஞ்சள் கயிறு. கத்தரிக்கோல் தையல் மெஷின் மேலேயே இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்தார். பாலம்மாள் வாசற்படியில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

மில் பிரிண்டரில் அடித்து வைத்திருந்த தாள் கட்டு அப்போதுதான் கண்ணில் பட்டது. சரிபார்ப்பதற்காக எடுத்தது; பிறகு திருத்தியதையும் காலையில் முடித்ததையும் ஓரத்தில் பேனாவால் குறித்திருந்தார். ஒவ்வொரு பாதி எழுத்தின் ஒவ்வொரு வரியிலும் எந்தப் புள்ளி எரியும், எது அணையும் என்பதற்கு இரண்டே குறிகள்: எண்ணோ ஆங்கில எழுத்தோ. மறுபடியும் பிறர் கையில் கொடுத்து அனுப்ப மனம் வரவில்லை; வாயால் சொன்னால் அந்தப் பக்கம் தட்டிவிடலாம்.

பூத்துக்குள் போய் நின்றுகொண்டு சொல்ல ஆரம்பித்தார். "மூணு, சி. அடுத்து நாலு, ரெண்டு. அடுத்து சைபர், ரெண்டு." சமுத்திரம் திருப்பிச் சொல்ல, வேறொருவன் தட்டினான். வரிசையில் நின்றவர்கள் முதலில் லாட்டரிச் சீட்டு நம்பர் என்று நினைத்தார்கள். பிறகு பொறுமை போய், "இங்க சாவு சேதி சொல்லணும்யா" என்று ஒருவர் கத்தினார். அவருக்கு விட்டுக் கொடுத்து, மறுபடி பிடித்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் காற்று இல்லை. வேர்வை தாளில் சொட்டியது. அ, ஆ முடிந்து, க முடிந்து, ண-வின் இடது பாதி முடியும்போது கொட்டுச் சத்தம் கேட்டது. ஆட்கள் வந்துவிட்டார்கள். குளிக்க வேண்டும், ஈரத்துணியோடு கோயிலில் நிற்க வேண்டும்.

"எங்கிட்டக் குடுங்க" என்றாள் பின்னாலேயே பூத்துக்கு வந்திருந்த பாலம்மாள்.

"உனக்கு..."

"எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். ஏ பி சி டி தெரியும். எந்த வரி?"

விரலை வைத்துக் காட்டினார். அவள் ரிசீவரை வாங்கி, "தம்பி, நான் பாலம்மாள் பேசுதேன். எழுதிக்கோ. அஞ்சு, எஃப்" என்று தொடங்கினாள். பொன்னுராஜ் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்.

தீச்சட்டி கையில் ஏறிவிட்டால் கோயிலுக்குத் திரும்பி இறக்குகிறவரை வாய் திறக்கக் கூடாது. அது அங்கே ஊர்க்கட்டுப்பாடு. மூன்றாவது சட்டி பொன்னுராஜுடையது. வேப்பிலை, மஞ்சள் துண்டு, கையில் சூடு. வீட்டுக்கு வீடு பெண்கள் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். தங்கச்சாமி சொன்னபடியே கூடவே வந்தார். சட்டியில் கட்டை போட்டார், தம்பி முகத்துக்கு விசிறினார், கூட்டத்தை விலக்கினார்.

கடைத்தெரு திரும்பும்போது பை மாட்டிய இரண்டு பேர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"இங்க பொன்னுராஜ்னு..."

"அந்தா மூணாவது சட்டி" என்று யாரோ காட்டினார்கள்.

ஒல்லியாக, மீசையில்லாமல் இருந்தவன் சமுத்திரம். குரலை வைத்துக் கண்டுபிடித்தார். அவன் இவ்வளவு சின்னவனாக இருப்பான் என்று நினைக்கவில்லை. கண்ணாடி போட்டவர் தவசிமுத்து. பெங்களூர் பஸ்ஸில் ராஜபாளையத்தில் ஏறிக்கொள்ளலாம், அப்படியே பொன்னுராஜையும் பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறார்கள்.

"அண்ணே, நான்தான் சமுத்திரம். எல்லாம் வந்திருச்சுண்ணே. அண்ணி கடைசி வரி வரைக்கும் சொல்லிட்டாங்க. ஒரே ஒரு எடத்துல பி-க்குப் பதிலா டி-ன்னு எழுதிட்டோம், அவங்களே திட்டித் திருத்துனாங்க." நடந்துகொண்டே சொன்னான். "திரையில ஓடவிட்டோம். ண நிக்கிது பாருங்க, வெட்டுன எடமே தெரியல. பயலுக எந்திரிச்சு நின்னுட்டானுக."

பொன்னுராஜ் நடந்தார். கண்ணில் வேர்வை இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

"பேச மாட்டீங்களா?" என்றார் தவசிமுத்து.

"சட்டி எறங்குற வரைக்கும் பேசக் கூடாது தம்பி" என்றார் தங்கச்சாமி. "நான் அவன் அண்ணன். என்ன விசயம்?"

தவசிமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "நாளைக்குக் காலையில எல்லாத்தையும் அனுப்பணும். இந்த எழுத்துக்குப் பொறுப்புன்னு ஒருத்தர் பேரு போடணும். இனிமே யாரு இதுல கை வச்சாலும் அவரக் கேட்டுத்தான் வைக்கணும். அது பொன்னுராஜ் சாரா இருக்கணும்னு எங்களுக்கெல்லாம் ஆசை. செய்வாரான்னு கேக்கத்தான் வந்தேன்."

கொட்டு நின்று மறுபடி தொடங்கியது. பொன்னுராஜ் அண்ணனைப் பார்த்தார். தலையை அசைத்தார். ஆம் என்றுதான் அசைத்தார். தலையில் கட்டியிருந்த வேப்பிலை முகத்தில் விழுந்தது. தங்கச்சாமி அதை எடுத்துவிட்டார். தம்பியின் சிவந்த கண்ணையும் கொப்பளித்த விரலையும் பார்த்தார். அவருக்குப் பாவமாக இருந்தது.

"வேண்டாம் தம்பி" என்றார். "மில்லுல ராவு பகலா மாடா உழைக்கான். வீட்டுக்கு வந்தும் அந்தப் பொட்டி முன்னாடி கண்ணக் கெடுத்துக்கிடுதான். அவனால வேண்டாம்னு சொல்ல முடியாது, அதான் நான் சொல்லுதேன். வேற ஆளப் பாருங்க. கோவிச்சுக்கிடாதீக."

பொன்னுராஜ் வாயைத் திறந்தார். சட்டியின் அனல் உள்ளே போனது. சட்டி எடுத்தவன் பேசினால் நேர்ச்சை பலிக்காது என்பார்கள். நேர்ச்சை மகளுக்கானது. முன்னால் போன சட்டிக்கும் அவருக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டது. பின்னாலிருந்து யாரோ, "நட நட" என்றார்கள். வாயை மூடிக்கொண்டு நடந்தார்.

"சரிங்கய்யா" என்றார் தவசிமுத்து. பொன்னுராஜின் தோளைத் தொட வந்தவர் தொடலாமா என்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டார். சமுத்திரம் இன்னும் கொஞ்ச தூரம் கூடவே நடந்தான். பிறகு அவனையும் காணோம்.

திங்கட்கிழமை பூத் திறக்கும்போதே பொன்னுராஜ் அங்கே நின்றார். கையெல்லாம் கொப்புளம். ரிசீவரை எடுத்து, தவசிமுத்துவின் ஆபீஸ் எண்ணைச் சுழற்றத் தொடங்கினார். பாதியில் கதவு திறந்தது. தங்கச்சாமி கையில் தூக்குச்சட்டியோடு நின்றார். தம்பிக்கு மோர் கொண்டுவந்திருந்தார்.

"காலங்காத்தால யாருக்குலே போனு?"

"மில்லுக்குண்ணே. லீவு சொல்லணும்."

"சொல்லு சொல்லு."

அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். பொன்னுராஜ் லைனைத் துண்டித்தார். மில்லுக்குப் போட்டு, ஏற்கெனவே சொல்லியிருந்த லீவை இன்னொரு தடவை சொன்னார். வெளியே வந்து மோரைக் குடித்தார்.

அடுத்த பதிப்பு வந்தது. கருப்புத் திரையில் தமிழ் இருந்தது. பொறுப்பாளர் என்ற இடத்தில் சமுத்திரத்தின் பெயர் இருந்தது. வேறு ஆள் இல்லாததால் தவசிமுத்து அவனைப் போட்டிருந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமையே சமுத்திரம் வீடு தேடி வந்துவிட்டான். அரிசி மூட்டையில் உட்கார்ந்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. எல்லாம் உங்களக் கேட்டுத்தான் செய்யணும். ஒரு வரி எழுதுனா போதும், உங்க பேர மாத்திப் போட்டுருவாக. இன்னைக்கே எழுதுதேன்."

"வேண்டாம்டே."

"ஏன்?"

பொன்னுராஜ் உள்ளறைப் பக்கம் பார்த்தார். தங்கச்சாமி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பேர மாத்துனா, அண்ணன் சொன்னது தப்புன்னு ஆகும்."

"தப்புத்தானண்ணே?"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா, இம்புட்டு வருசம் சொன்னது எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்துப் பாப்பாரு. அந்த மனுசனால தாங்க முடியாது."

பொன்னுராஜ் மெஷினைப் போட்டார். ஔ சரியாக நிற்கவில்லை என்று யாரோ எழுதியிருந்தார்கள். இரண்டு பேரும் குனிந்து புள்ளிகளைப் பார்த்தார்கள்.

உள்ளேயிருந்து தங்கச்சாமி குரல் கொடுத்தார். "ஏலே பொன்னு, யாரு வந்திருக்கா?"

"தெரிஞ்ச பையண்ணே."

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டிருப்பான்" என்றார் பொன்னுராஜ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்லய்யா" என்று சமுத்திரம் உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னான். "இன்னும் சாப்பிடல. நல்ல பசி."

பாலம்மாள் அடுப்படியில் தட்டை எடுக்கும் சத்தம் கேட்டது. பொன்னுராஜ் திரையை விட்டுத் திரும்பி, தன் பசியைத் தானே சொல்லிவிட்ட அந்தப் பையனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.